குடிசையா, கச்சா வீடா? கூரை இழந்தவருக்கான தொகையை முடிவு செய்யும் சொல்

சூறைக்காற்று அடிக்கும்போது மேலூர், பேரையூர், உசிலம்பட்டிச் சமவெளியில் முதலில் பறப்பவை ஓலையும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளும்தான். மறுநாள் கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலர் தம் பதிவேட்டில் எழுதும் ஒரு சொல்லை நாம் கவனிப்பதே இல்லை. நிவாரணத் தொகை அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

மாநிலப் பேரிடர் நிதிக்கான 2022-26 நெறிமுறைப்படி, சமவெளியில் முழுவதும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மண்சுவர் கொண்ட கச்சா வீடும் இதில் அடங்கும். குடிசை என்று எழுதிவிட்டால் 8,000 ரூபாய் மட்டுமே. பதினைந்தில் ஒரு பங்கு! ஓலை, மண், பிளாஸ்டிக் விரிப்பு முதலியவற்றால் ஆன, கச்சா வீட்டினும் தாழ்ந்த தற்காலிக அமைப்பே குடிசை என்கிறது நெறிமுறை. எது தற்காலிகம் என்பதை அதிகாரியே முடிவு செய்கிறார். இரண்டு தலைமுறை வாழ்ந்த மண்சுவர் வீட்டைக் கூரையை மட்டும் பார்த்துக் குடிசையாக்குவதை நாம் ஏற்கலாகாது. மாநில அரசு குடிசைக்கான தொகையை 2023 மிக்ஜாம் புயலின்போது 5,000இலிருந்து 8,000 ஆகவும், 2024 ஃபெஞ்சலின்போது 10,000 ஆகவும் உயர்த்தி அறிவித்தது. அப்போதும் இடைவெளி மாறவில்லை.

பகுதிச் சேதத்தில் வேறொரு சிக்கல். குறைந்தது 15 விழுக்காடு சேதமிருந்தால்தான் உறுதியான வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டதே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தரத்தான். கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டு ஆறாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. காலனிகளின் பழைய தொகுப்பு வீடுகளில் இன்று தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. புயலுக்குப் பின் ஒழுகினால், "இது பழைய பழுது" என்று சொல்லிவிடுவது எளிது.

வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று சான்றளிக்கப்படவும் வேண்டும். தாத்தா பெயரிலுள்ள ஒரே பட்டாவில் மூன்று மகன்களின் வீடுகள் நிற்கும் காலனியில் இந்த நிபந்தனை யாரை வெளியேற்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுவரி ரசீது, மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றைத் தனித்தனியே இணைத்து, மூன்று வீடுகளுக்கும் மூன்று மனுக்கள் கொடுக்க வேண்டும்.

காப்பீடு பெரும்பாலோருக்கு எட்டாதது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீடு புயல் சேதத்தை ஏற்கிறது. ஆயினும் ஓலை, மூங்கில், தார்ப்பாய்க் கூரைகளைக் கச்சா கட்டுமானம் எனத் தனியே பிரிக்கிறது. தேய்மானத்தை ஏற்பதில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீடாயின் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா என வங்கியில் கேட்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

களத்திற்குச் செல்லும் மாணவர்கள் தார்ப்பாய் போடும் முன்பே சுவரும் கூரையும் ஒருசேரத் தெரியும்படி படமெடுக்க வேண்டும். தம் வீடு எந்த வகையில் எழுதப்பட்டது என்பதை மக்கள் அன்றே கேட்கட்டும். பதில் கிடைக்காவிட்டால் வட்டாட்சியருக்கு எழுத்து மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், பின்னர் தகவல் உரிமைச் சட்டப்படி கணக்கெடுப்புப் பட்டியலின் நகல். அதற்கு 30 நாள்களில் பதில் தந்தாக வேண்டும்.