உடனுண்ணலும் ஒட்டியுண்ணலும்

பிறரை இகழ நினைப்போர்க்கு எளிதிற் கிட்டும் சொற்களுள் ஒன்று ‘ஒட்டுண்ணி’. உழையாமல் பிறர் உழைப்பில் வாழ்பவன் என்பது அதன் கருத்து. கவிஞர் மீதும் இச்சொல் வீசப்பட்டதுண்டு. ஆதலின் இதன் வரலாற்றை அறிதல் பாத்தொழில் மேற்கொண்டோர்க்குக் கடனாகும்.

காணை, விழுப்புரம் வட்டார உழவர் இதன் பொருளை ஏட்டில் கற்றவரல்லர். மாட்டின் காதுமடலைப் பற்றிக் குருதி குடிப்பது உண்ணி. மாமரக் கிளையில் வேர்விட்டு மரத்தின் நீரை உறிஞ்சுவது புல்லுருவி. அதன் கனியைத் தின்ற சிறு குருவி பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போக, விதை அங்கேயே முளைக்கிறது. ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. பெயரே செயலைச் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஈடாக ஐரோப்பியர் வழங்கும் ‘பாரசைட்’ என்னும் சொல்லின் பிறப்போ வேறு. கிரேக்க மொழியில் ‘பாரா’ என்பது அருகு. ‘சீட்டோஸ்’ என்பது உணவு. உணவின் அருகிருப்பவன், அதாவது உடனுண்பவன் என்பதே அதன் முதற்பொருள். கோயிற் பணிகளில் துணைநின்று பூசகருடன் அமர்ந்து உண்ட மதிப்புக்குரியோர் பழங்காலத்தில் இப்பெயர் பெற்றிருந்தனர். பின்னர், கி.மு. நான்காம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகங்களில், செல்வர் வீட்டுப் பந்திக்காக முகமன் கூறித் திரியும் பாத்திரத்திற்கு அது பெயராயிற்று. மதிப்பு இகழ்ச்சியாக மாறிய இடம் இதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டில் தாவரவியலார் இச்சொல்லைச் செடிகளுக்கு வழங்கினர். அங்கே அது பழிச்சொல் அன்று. 1871இல் ஜான் ஸ்காட் என்பார், சந்தன மரம் அயல்மரங்களின் வேரைப் பற்றி உணவு பெறுவதைக் கண்டறிந்தார். சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர் அவ்வேர்களை விரிவாக ஆராய்ந்தார். புலவர் போற்றிய சந்தனமும் மண்ணுக்கடியில் ஓர் ஒட்டுண்ணியே. அதனால் அதன் மணம் குறைந்துவிடவில்லை.

செடியிடமிருந்து மனிதனிடம் மீண்டபோதுதான் இச்சொல் கொடிதாயிற்று. இயற்கை விதியே தீர்ப்பளித்தது போன்ற தோற்றத்தை அது பெற்றது. யூதரை ஒட்டுண்ணிகள் என்ற நாசிகளின் பரப்புரை, அவர்களைக் கொன்றொழிக்க வழிகோலியது. சோவியத்து நாட்டில் 1961இல் ‘ஒட்டுண்ணி’களுக்கு எதிராகச் சட்டமே பிறந்தது. 1964இல் லெனின்கிராடு நீதிமன்றம் கவிஞர் யோசிப் பிராட்ஸ்கியை அக்குற்றத்திற்காக ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புக்கு அனுப்பியது. அவரைக் கவிஞரென ஏற்றவர் யார் என்று நீதிபதி வினவினார். கவிதை எழுதுதல் உழைப்பாக எண்ணப்படவில்லை. மறு ஆண்டே அவர் விடுவிக்கப்பட்டார். 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்த வினாவுக்கு விடை இவ்வட்டாரத்திலேயே உண்டு. இன்று திண்டிவனத்தின் பகுதியாக உள்ள கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன்மீது நத்தத்தனார் பாடியதே சிறுபாணாற்றுப்படை. உப்பும் இல்லாத கீரையைக் கதவடைத்து உண்ட பாணன் குடும்பத்தின் வறுமை அதிற் பேசப்படுகிறது. வழிநெடுக மக்கள் அவனுக்குச் சோறிடுகின்றனர். எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீனும், ஆமூர் உழவர் நண்டுக் கலவையுடன் வெண்சோறும் தருகின்றனர். இறுதியில் மன்னனே அருகில் நின்று பொற்கலத்தில் உண்பிக்கிறான். கிரேக்கச் சொல்லின் முதற்பொருளான உடனுண்ணும் மதிப்பு இங்கே முழுமையாக விளங்குகிறது.

அம்மதிப்பு குன்றுமாயின் புலவர் உணவையும் பரிசிலையும் மறுத்தனர். தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்றார். தன்னை அறியாதவன் தரும் பொருளை மறுத்தல் புல்லுருவிக்கு இயலாது, புலவனுக்கு இயலும். பரிசிலரையும் புல்லுருவியையும் பிரிக்கும் எல்லை இதுவே.

நல்லியக்கோடன் இட்ட சோறு அன்றே செரித்துப்போயிற்று. அதனை உண்ட பாணன் மரபோ 269 அடிகளில் அவனுக்கு ஒரு பாட்டைப் பெற்றுத் தந்தது. கிடங்கிற் கோமானின் பெயர் இன்று பெரிதும் அப்பாட்டைப் பற்றியே வாழ்கிறது. யார் யாரை ஒட்டி வாழ்கின்றனர் என்று அறுதியிட்டு உரைக்க முற்படுவோர், திண்டிவனம் வழியே ஒருமுறை சென்றுவருதல் நன்று.