தர்கூம்: வாய்மொழியும் ஏடும்

எபிரேய மறைநூலின் அரமேய மொழிபெயர்ப்புகள் தர்கூம் எனப்படும். யூதர் தொழுகைக்கூடத்தில் ஒருவர் சுருளை நோக்கி மூலத்தைப் படிக்க, மற்றொருவர் ஏடு நோக்காது அரமேயத்தில் பொருளுரைத்தல் மரபு. மொழிபெயர்ப்பு மூலத்தோடு மயங்கலாகாது என்பதே அதன் நோக்கம். இம்மரபு கொண்டு, தர்கூம் நெடுங்காலம் எழுதப்படாதிருந்தது எனக் கருதுவாருளர். யாம் அதற்கு உடன்படோம். யோபு நூலின் தர்கூம் ஒன்றை முதலாம் கமாலியேல் ஆலயக்குன்றின் கட்டடக் கல்வரிசைக்கடியில் புதைப்பித்தார் எனத் தல்மூத் கூறுகின்றது. எழுதப்படாததைப் புதைப்பது எங்ஙனம்? 1956இல் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த சுருள்களுள் அந்நூலின் அரமேய மொழிபெயர்ப்பும் ஒன்று. எழுத்தமைதியால் அது கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர். கமாலியேல் கண்ட ஏட்டின் படியே இதுவெனத் துணிதற்குச் சான்றில்லை. யோபு, தொழுகைக்கூடத்தில் முறைவைத்து ஓதப்படும் நூலன்று. ஆகவே, இச்சுருள் தனியே கற்பார்பொருட்டு எழுதப்பட்டதாகலாம். ஏடு நோக்கலாகாதென்னும் விதியோ கூடத்தில் ஓதுவார்க்கே உரியது.