உரிமையிற் சூடிய முடி: முதற் குலோத்துங்கனும் சோழர் மகள்வழியும்

திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்வோர் இன்று காண்பன உந்துவண்டித் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உறுப்புக்கள் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளின் நெடுவரிசையுமே. இராமானுசர் 1017-இல் அவ்வூரில் தோன்றினார் என மரபு கூறும். அக்காலத்தே இப்பகுதி செயங்கொண்ட சோழ மண்டலம் என வழங்கிய தொண்டை நாட்டினுள் அடங்கியிருந்தது. கோதாவரிக் கரையிலுள்ள வேங்கியினின்று காவிரி நாட்டிற்கு நிலவழியே வருவோன் தொண்டை நாட்டைக் கடந்தே வருதல் வேண்டும். 1070-இல் அவ்வாறு வந்து சோழர் அரியணை ஏறியவன் தந்தைவழியிற் சோழனல்லன், கீழைச் சாளுக்கியன். அவனுக்கும் அவ்வரியணைக்கும் இருந்த தொடர்பு அவன் தாய் அம்மங்கதேவி வழி வந்ததாகும். அத்தொடர்பின் இயல்பை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி, அவன் இளங்கோப் பருவத்தே வயிராகரத்தில் யானைகளைக் கைப்பற்றியதையும், சக்கரக்கோட்டத்துத் தாராவர்ஷனிடம் திறை கொண்டதையும் விரித்துரைக்கின்றது. பின்னர்ப் பொன்னியை ஆடையாக உடுத்த நிலமகளின் தனிமை நீங்க அவன் முடி சூடினான் என்கிறது. எப்படிச் சூடினான்? ‘உரிமையில்’ என்பது கல்வெட்டின் சொல். எவ்வுரிமை என்பதைக் கல்வெட்டுக் கூறவில்லை. நிலத்தை மகளாக உருவகித்த புலவர், அவ்வுரிமைக்கு வாயிலாயிருந்த மகளைப் பாடாது விட்டார்.

தமிழ்நாட்டுக் கல் சொல்லாததைத் தெலுங்கு நாட்டுச் செப்பேடு சொல்கிறது. குலோத்துங்கன் மக்களுள் ஒருவனான வீரசோடன் வழங்கிய செல்லூர்ச் செப்பேட்டை ஹூல்ஷ் பதிப்பித்துள்ளார். வடமொழியில் அமைந்த அம்மரபுரை சந்திரகுலத்தில் தொடங்கிச் சாளுக்கியரை வரிசைப்படுத்தி வருகின்றது. விமலாதித்தன் முதல் இராசராசன் மகளும் இராசேந்திரன் தங்கையுமாகிய குந்தவையை மணந்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன் கங்கைகொண்ட சோழன் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகனாகிய குலோத்துங்கன் இரண்டாம் இராசேந்திரன் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறை, மூன்று மணமகளிர், ஒரே பிறந்தகம்.

இவற்றை வெறும் அரசியல் மணங்கள் என்று கூறிக் கடந்துவிடுதல் நூலாசிரியர் பலர் வழக்கம். முதல் மணத்திற்கு அது பொருந்தும். வேங்கி அரசுரிமைப் பூசலில் இராசராசன் தலையிட்டதன் பயன் அம்மணம். ஏனைய இரண்டும் அத்தகையன அல்ல. இராசராச நரேந்திரனுக்கு அம்மங்கை தாயுடன் பிறந்த மாமன் மகள். குலோத்துங்கனுக்கு மதுராந்தகியும் அவ்வாறே. நம் நாட்டுச் சிற்றூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் முறைப்பெண் என்றே கூறுவாள். அரசியல் தொடங்கி வைத்ததை உறவுமுறை தொடர்ந்து நடத்திற்று என்பது எம் கருத்து.

இதன் சிறப்பு, இங்கிலாந்தின் நிலையோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். இடைக்கால இங்கிலாந்தில் ஆண்மகவின்றி இறந்த நிலக்கிழானின் நிலம் அவன் புதல்வியர்க்குச் சேரும். பலராயின் பங்கிட்டுக் கொள்வர். மணந்த கணவன் அந்நிலத்தை ஆள்வான். அவர்கட்கு உயிருடன் குழவி பிறந்திருப்பின், மனைவி இறந்த பின்னரும் தன் வாழ்நாள் முழுதும் அதனைத் துய்ப்பான். பின்னர் அது மகனுக்குத் தாய்ச்சொத்தாக இறங்கும். அரியணையும் இவ்வழியில் இறங்கியதுண்டு. முதலாம் என்றியின் மகள் மட்டில்டா பல்லாண்டு போரிட்டும் முடி சூடாதொழிந்தாள். அவள் மகன் இரண்டாம் என்றி 1154-இல் முடி சூடினான். ஆயினும் அந்நாட்டுத் திருச்சபை நெருங்கிய உறவினர் மணத்தை விலக்கியிருந்தது. 1215-இல் கூடிய இலாத்தரன் பேரவை விலக்கைத் தளர்த்திய போதும் நான்கு தலைமுறை எல்லையை வைத்தது. எனவே ஆங்கிலக் குடியிற் பிறந்த மகள் பெற்ற நிலம் தலைமுறைதோறும் வேற்றுக் குடிக்குச் சென்று சிதறுதல் இயல்பு. சோழ மகளிரோ மூன்று தலைமுறையும் ஒரே குடியிற் புகுந்தனர். ஆங்கு மகள் உரிமையைக் கொண்டு செல்கிறாள். ஈங்கு முன்னவள் கொண்டு சென்ற தொடர்பைப் பின்னவள் புதுப்பிக்கின்றாள்.

இனி, மகள் மகனுக்கு உரிமை உண்டு என அக்காலத்து நூல்கள் கூறினவா என்னும் வினா எழும். மகனும் மனைவியும் இல்லாதான் சொத்து மகளுக்கும், அவளுக்குப்பின் மகள் மகனுக்கும், அதன் பின்னரே பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் செல்லும் என்பது மிதாட்சரத்தின் வரிசை. அதனை இயற்றிய விஞ்ஞானேசுவரர் கலியாணபுரத்தில் ஆறாம் விக்கிரமாதித்தன் ஆட்சியில் வாழ்ந்தவர். அவ்விக்கிரமாதித்தனே 1070-இல் குலோத்துங்கனுக்கு எதிர்நின்றவன்! வரலாறு இத்தகைய விளையாட்டுக்களையும் புரிவதுண்டு. ஆயின் இந்நூலைக் கொண்டு குலோத்துங்கன் வழக்கைத் தீர்த்தல் இயலாது. குடும்பச் சொத்து பங்கிடத் தக்கது; முடி அத்தகையதன்று. முதல் இராசேந்திரனுக்குப்பின் அவன் மக்கள் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகிய மூவரும் அண்ணன் தம்பி முறையில் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேல் இறந்த அண்ணனுக்குத் தம்பி அக்களத்திலேயே முடி சூடினான். களம் கேட்ட முறை அது. நூல் கேட்ட முறையன்று.

வீரராசேந்திரன் இறந்தபின் நிகழ்ந்தன பில்கணன் காவியத்தாலும் செயங்கொண்டார் பரணியாலும் அறியப்படுவன. இருவரும் அவைப்புலவர், இருவரும் தத்தம் தலைவன் பக்கமே நின்றவர். விக்கிரமாதித்தன் வீரராசேந்திரன் மகளை மணந்தவன். மாமன் இறந்தது கேட்டுக் காஞ்சிக்கு வந்து கலகம் அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் சென்று, மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தி மீண்டான் என்றும், அவன் மீண்ட சின்னாளிலேயே அதிராசேந்திரன் கலகத்தில் மாண்டானாக, வேங்கி நாட்டு ‘இராசிகன்’ அரியணையைக் கவர்ந்தான் என்றும் பில்கணன் கூறுவான். பரணியோ, மன்னனின்றி அறம் குலைந்த நாட்டைக் காக்க வந்த அபயனாக அவனைக் காட்டும். ஆக, காஞ்சிப்புறத்து மக்கள் அவ்வாண்டிற் கண்டது சோழர் மகளிர் இருவர் வழிப் போட்டி. ஒருபால் சோழன் மகளை மணந்த மருமகன். ஒருபால் சோழன் மகள் ஈன்ற மகன். மருமகன் மைத்துனனுக்காக வந்தான். மகன் தனக்காக வந்தான்.

கங்கைகொண்ட சோழன் தேவி பேரக்குழவியைக் கையிலேந்தி மகிழ்ந்தாள் என்னும் பரணிச் செய்தியைக் கொண்டு, குலோத்துங்கன் சுவீகாரம் செய்யப்பட்டான் என்று பிளீட்டு கருதினார். நீலகண்ட சாத்திரியார் அதனை ஏற்றிலர். யாமும் ஏற்கிலேம். பாட்டி பேரனை ஏந்துதற்குச் சுவீகாரம் வேண்டுவதில்லை. முதல் இராசேந்திரன் 1044-இல் மறையும்போது அவனுக்கு வளர்ந்த மைந்தர் இருந்தனர். மகளின் சேயை மகனாக்கிக் கொள்ள அவனுக்குக் காரணம் யாது?

மற்றொரு வழக்கையும் ஈண்டு மறுத்தல் வேண்டும். 1070-க்குப் பிற்பட்டோரைச் ‘சாளுக்கிய சோழர்’ என்று பாடநூல்கள் பெயரிடுகின்றன. தந்தைவழி ஒன்றையே நோக்கினால் அது சரி. குலோத்துங்கன் தாய் சோழர் மகள். தந்தையின் தாயும் சோழர் மகள். குடிவழியைப் பங்காகக் கணக்கிடின் முக்கால் பங்கு சோழர்க்கே உரியதாகும். இக்கணக்கைப் பெரிதாகக் கொள்ளுமாறு கூறோம்; ஆனால் தாயரை நீக்கிவிட்டுப் பெறும் கணக்கும் கணக்கன்று. அவனே தமிழ்நாட்டில் இராசகேசரி என்னும் சோழப் பட்டம் பூண்டான். முதல் நான்காண்டுக் கல்வெட்டுக்களிற் பாட்டன் பெயரால் இராசேந்திர சோழன் என்றே வழங்கப்பட்டான். அவன் மக்கள் கோதாவரிக் கரையில் தம்மைச் சந்திரகுலத்தாராகவே எழுதுவித்தனர். ஒரே குடி ஈரிடத்து இருமுகம் காட்டியது.

இவ்விடத்தே ‘உரிமை’ என்னும் அச்சொல்லுக்கு மீள்வோம். பழந்தமிழில் அது மனைவியையும் குறிக்கும். இன்றும் முறைப்பெண்ணை ‘உரிமைப்பெண்’ என்பார் உளர். மெய்க்கீர்த்திப் புலவர் இப்பொருளையும் உள்ளங்கொண்டே எழுதினார் என்று துணியோம். ஆனால் அதைக் கேட்ட தமிழர்க்கு, மாமன் வீட்டின்மேல் மருமகனுக்குள்ள உரிமை தனியே விளக்கப்பட வேண்டிய செய்தியன்று. சொல்லாது விட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

சோழ மகளிர் பெயர் கல்லில் ஏறாதது அன்று. முதல் இராசராசன் தன் கொடையுடன் தமக்கை குந்தவை கொடையையும் தஞ்சைப் பெருங்கோயிற் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அவள் கணவன் வல்லவரையர் வந்தியதேவரை நாம் அறிவதற்கு அவள் கொடைகளே பெரிதும் துணையாகின்றன. அக்குந்தவை வேறு, அவள் உடன்பிறந்தான் மகளும் விமலாதித்தன் தேவியுமாகிய குந்தவை வேறு. இருவரையும் ஒருவராக மயங்குவோர் இன்றும் உளர். மூன்றாம் குந்தவை ஒருத்தியும் உண்டு. அம்மங்கை கணவனின் மகளும் குலோத்துங்கன் தங்கையுமாகிய அவள், 1114-இல் தில்லைத் திருக்கோயிலுக்குப் பொற்கொடை அளித்தாள். சோழர் மகளாய் வேங்கி புகுந்த பாட்டியின் பெயரையே அவள் தாங்கினாள். அப்பெயர் இரு தலைமுறை கழித்துக் காவிரிநாட்டுக்கு மீண்டு, தில்லைக் கல்லில் தந்தை பெயரை முன்னிட்டு ‘இராசராசன் குந்தவை’ என நிற்கின்றது.