செக்மேட் புதிரும் அதன் தணிக்கையாளர்களும்

1895 மே மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வெளிவந்த வாரப் பத்திரிகை ஒன்றின் சதுரங்கப் பகுதியில் ஒரு புதிருக்கு விடை அச்சானது. பகுதியை நடத்தியவர் ஜார்ஜ் பார்பியே. பலகையில் நான்கே காய்கள்: வெள்ளைக்கு ராஜாவும், ராணியாக ஒரே கட்டம் பாக்கியிருந்த சிப்பாயும், கறுப்புக்கு ராஜாவும் யானையும். கறுப்பு யானை செக் மேல் செக் வைத்து வெள்ளை ராஜாவை அலைக்கழிக்கும். கடைசியில் சிப்பாய் ராணியானதும், யானை தானாகவே வெட்டுக்கு வந்து நின்று செக் வைக்கும். வெட்டாவிட்டால் ராணி போய்விடும். வெட்டினாலோ கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா என்று பார்பியே எழுதிவிட்டார்.

அதே ஊரில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கினால் என்ன என்று கேட்டார். இப்போது ஸ்டேல்மேட்டுக்கு வழியில்லை. அடுத்த நகர்வில் புது யானை ஓரத்து வரிசைக்குப் போனால் செக்மேட். அதைத் தடுக்கக் கறுப்பு யானை குறுக்கே வந்து நிற்க, வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்ந்து அந்த யானையையும் தாக்குகிறது, இன்னொரு செக்மேட்டுக்கும் வழி திறக்கிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுக்காத பாதிரியார், இந்த ஒரு நகர்வால் சதுரங்க வரலாற்றில் நிலைத்துவிட்டார்.

புதிர்களைத் தணிக்கை செய்யும் வேலை அந்தக் காலத்தில் இப்படித்தான் நடந்தது. ‘மூன்று நகர்வில் மேட்’ என்றால் முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். எதிராளி எப்படி ஆடினாலும் மூன்றாவது நகர்வில் மேட் விழ வேண்டும். வேறொரு முதல் நகர்வும் பலித்தால் புதிர் கெட்டது. புதிரை அமைத்தவர் கண்ணுக்குத் தப்பியதை ஏதாவது ஒரு வாசகர் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினால்தான் உண்டு.

அதற்குச் சில வாரம் ஆகலாம். ஆயிரம் ஆண்டும் ஆகலாம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் அரசவையில் கொடிகட்டிப் பறந்த அஸ்-சூலி, இரு பக்கமும் ராஜாவும் ராணியும் மட்டுமே உள்ள ஒரு புதிரை விட்டுச் சென்றார். அன்றைய ஆட்டத்தில் ராணி குறுக்காக ஒரு கட்டம்தான் போகும். எதிராளியின் ராணியை வெட்டி ராஜாவைத் தனியாக்கினாலே வெற்றி. தான் சொல்லிக்கொடுத்தவர்களைத் தவிர யாராலும் இதை விடுவிக்க முடியாது என்பது அவர் சவால். சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் 1980களில்தான் அதற்கு விடை கண்டார்.

இந்த வேலைக்கு முதன்முதலில் கணினியை அமர்த்தியவர் டீட்ரிஷ் பிரின்ஸ். பெர்லினில் பிறந்து இங்கிலாந்தின் பெரான்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1951 நவம்பரில் மான்செஸ்டரில் இருந்த பெரான்டி மார்க் 1 கணினியில், இரண்டு நகர்வில் மேட் செய்யும் புதிர் ஒன்றைத் தீர்க்கவைத்தார். முழு ஆட்டம் ஆடும் வலு அந்தக் கணினிக்கு இல்லை. காஸ்லிங் கிடையாது, சிப்பாய் ராணியாவது கிடையாது. மேட்டுக்கும் ஸ்டேல்மேட்டுக்கும் வித்தியாசம்கூடத் தெரியாது. வெள்ளையின் ஒவ்வொரு நகர்வையும் எடுத்து, அதற்குக் கறுப்பின் ஒவ்வொரு பதிலையும் வைத்து, மேட் விழுகிறதா என்று ஒன்று விடாமல் பார்த்தது. விடை வரக் கால்மணி நேரம் பிடித்தது.

ஆட்டம் ஆடும் கணினிக்கு எந்த நகர்வு நல்லது என்று எடைபோடும் திறமை வேண்டும். புதிர் சரிபார்க்க அது தேவையில்லை, அலுக்காமல் எண்ணிப் பார்த்தால் போதும். இந்தப் பொறுமையை எதிர்த்திசையில் திருப்பியவர் அமெரிக்காவின் கென் தாம்சன். மேட் ஆன நிலைகளிலிருந்து பின்னோக்கி நடந்து, குறைந்த காய்கள் கொண்ட எல்லா நிலைகளுக்கும் விடையைக் கணக்கிட்டுச் சேமித்தார். 1983இல் அதில் ஒரு பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. இரண்டு மந்திரிகள் ஒரு பக்கம், ஒற்றைக் குதிரை மறுபக்கம் என்றால், குதிரைக்காரர் ஒரு மூலையில் அரண் கட்டித் தப்பிவிடலாம் என்று சதுரங்க நூலாசிரியர்களான கிளிங்கும் ஹார்விட்ஸும் 1851இல் எழுதியிருந்தார்கள். பிறகு வந்த புத்தகங்கள் எல்லாம் அதையே சொல்லின. அந்த அரண் உடையும், பெரும்பாலான நிலைகளில் மந்திரிகளுக்கே வெற்றி, அதிகபட்சம் 66 நகர்வு போதும் என்றது கணினி.

காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்பது விதி. 66 எங்கே, 50 எங்கே! சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு சில முடிவாட்டங்களுக்கு வரம்பைத் தளர்த்திப் பார்த்தது. பின்னர் எல்லாவற்றுக்கும் 50 என்றே திரும்பிவிட்டது. 2012இல் மாஸ்கோவின் லொமொனோசொவ் கணினியில் ஏழு காய் நிலைகள் கணக்கிடப்பட்டபோது, மேட்டுக்கு 549 நகர்வு தேவைப்படும் நிலையே கிடைத்தது.

இன்று புதிர் அமைப்பவர்கள் பத்திரிகைக்கு அனுப்பும் முன் ‘பாப்பாய்’ போன்ற நிரலில் போட்டுச் சரிபார்த்துவிடுகிறார்கள். 1977 முதல் நடக்கும் உலகச் சதுரங்கப் புதிர் தீர்க்கும் போட்டியில் மட்டும் அந்த உதவி கிடையாது. பலகை, காய்கள், பேனா, தாள் இவ்வளவுதான். முதல் சுற்றில் இரண்டு நகர்வில் மேட் செய்யும் புதிர்கள் மூன்று. அவற்றுக்குக் கிடைப்பது 20 நிமிடம்.