செங்கற்களால் மீட்கப்பட்ட சதுக்கம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஒரெகன் மாநிலத்தில் இருக்கும் நகரம் போர்ட்லாந்து. அந்நகரின் நடுவே, கடைகளும் அலுவலகங்களும் சூழ, செங்கல் பாவிய ஒரு திறந்தவெளி இருக்கிறது. பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கம் என்பது அதன் பெயர். பக்கத்துக்கு 200 அடி, மொத்தம் 40,000 சதுர அடி. ஒரு ஏக்கர் கூடத் தேறாது! ஆனாலும் போர்ட்லாந்துவாசிகள் இதை "நகரத்தின் வரவேற்பறை" என்று அழைக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் வந்து உட்காரும் கூடம் எப்படியோ அப்படி நகரத்துக்கு இந்தச் சதுக்கம். அந்தக் கூடத்தை அடைய அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1849-ஆம் ஆண்டு எலைஜா ஹில் என்ற செருப்புத் தைப்பவர் இந்த மனையை 24 டாலரும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்து வாங்கினாராம். நகரின் ஆரம்ப நாட்களில் நிலத்தின் மதிப்பு அவ்வளவுதான். பின்னர் பள்ளிக்கூடத்துக்காக இந்த இடம் வாங்கப்பட்டு, 1858-இல் சென்ட்ரல் ஸ்கூல் இங்கே திறக்கப்பட்டது. இதற்குக் கிழக்கே, சாலைக்கு எதிர்ப்புறம், 1869-இல் தொடங்கி 1875-இல் கட்டி முடிக்கப்பட்ட கூட்டரசு நீதிமன்றக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. சதுக்கத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே.

1883-இல் ரயில்வே அதிபர் ஹென்றி வில்லார்ட் கண் இந்த மனை மீது விழுந்தது. ரயில் பாதை போர்ட்லாந்தை எட்டும் நேரம், வருகிறவர்கள் தங்க ஒரு பிரமாண்டமான ஹோட்டல் வேண்டும் என்று நினைத்தார். பள்ளிக்கூடம் வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டது. ஆனால் அஸ்திவாரம் போட்ட கையோடு வில்லார்டின் பண பலம் சரிந்தது. வேலை பாதியில் நின்றது. "வில்லார்டின் இடிபாடு" என்று ஊரார் கேலி செய்யும்படி அது சில வருடங்கள் அப்படியே கிடந்தது. கடைசியில் உள்ளூர் முதலீட்டாளர்கள் கைகொடுக்க, 1890-இல் போர்ட்லாந்து ஹோட்டல் திறக்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் தங்கிய இடம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களுக்குக் கார் மோகம் பிடித்தது. மக்கள் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். கடைக்கு வருகிறவர் காரில்தான் வந்தார். காரை நிறுத்த இடமில்லாத கடைக்கு ஆள் வராது என்ற பயம் வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டது. அருகிலேயே இருந்த மெயர் அண்ட் ஃபிராங்க் என்ற பெரிய பல்பொருள் அங்காடி ஹோட்டலை வாங்கியிருந்தது. 1951-இல் ஹோட்டல் இடிக்கப்பட்டு, அங்கே இரண்டு அடுக்குக் கார் நிறுத்துமிடம் எழுந்தது. ஜனாதிபதிகள் தூங்கிய இடத்தில் கார்கள் தூங்கின! ஹோட்டலின் இரும்பு வாயில் மட்டும் தப்பிப் பிழைத்தது.

1969-இல் அதே நிறுவனம் இன்னும் பெரிய திட்டத்தோடு வந்தது. அந்த இடத்தில் 11 மாடிக் கார் நிறுத்துமிடம் கட்ட அனுமதி கேட்டது. பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் காலம் மாறியிருந்தது. நகரின் நடுவில் மனிதனுக்கு இடம் வேண்டாமா என்று மக்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1970-இல் நகரத் திட்டக் குழு அனுமதி மறுத்தது. 1972-இல் வெளிவந்த நகர மையத் திட்டம், அதே இடத்தில் பொதுச் சதுக்கம் வர வேண்டும் என்று எழுதி வைத்தது. இதே சமயத்தில்தான் 1974-இல் ஆற்றங்கரையில் ஓடிய ஹார்பர் டிரைவ் என்ற நெடுஞ்சாலை மூடப்பட்டு, அது இருந்த இடத்தில் பூங்கா வந்தது. நெடுஞ்சாலையையே அகற்றிய ஊருக்கு ஒரு கார் நிறுத்துமிடம் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

நகராட்சி 1979-இல் நிலத்தை வாங்கியது. 1980-இல் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டு 162 பேர் கலந்துகொண்டார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த 5 குழுக்களில் நாடறிந்த பெயர்கள் இருந்தும், வென்றவர் உள்ளூர்க் கட்டிடக் கலைஞர் வில்லார்ட் மார்ட்டின். (ஹோட்டல் கட்ட வந்த வில்லார்டுக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தமில்லை!) இவருடைய குழுவில் சிற்பி, எழுத்தாளர், வரலாற்றாசிரியர் என்று பலரும் இருந்தார்கள். திட்டம் எளிமையானது. பூட்டு இல்லை, கதவு இல்லை. அரைவட்டப் படிக்கட்டுகள், தூண்கள், ஒரு நீரூற்று, நடுவில் வெறும் தரை. படிக்கட்டில் உட்கார்ந்தால் அது அரங்கம், எழுந்து நடந்தால் அது வழி.

இந்த வெறும் தரைதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. திறந்து போட்டால் வீடற்றவர்களும் வேலையற்றவர்களும் வந்து குடியேறிவிடுவார்கள் என்று நகர மைய வியாபாரிகளில் ஒரு சாரார் அஞ்சினார்கள். அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கூரை போட்டு மூடிய கட்டிடமாக்கி, உள்ளே வர நுழைவுக் கட்டணம் வைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. மழை அதிகமுள்ள ஊர் என்பதால் கூரை கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் இடத்தைச் சதுக்கம் என்று எப்படி அழைப்பது? மழைக்கான கூரை என்பதை விட ஆட்களை வடிகட்டும் சல்லடை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 1980 இறுதியில் மேயராக வந்த ஃபிராங்க் ஐவன்சியும் திறந்த சதுக்கத்தை எதிர்த்தார். போதிய பணமில்லை என்ற காரணமும் சேர்ந்துகொண்டது. வென்ற திட்டம் கிடப்பில் போடப்படும் நிலை வந்தது.

அப்போதுதான் "பயனியர் சதுக்கத்தின் நண்பர்கள்" என்ற மக்கள் அமைப்பு களத்தில் இறங்கியது. அவர்கள் கண்ட வழி செங்கல் விற்பனை. பணம் கொடுத்து ஒரு செங்கல் வாங்கினால், அதில் உங்கள் பெயர் பொறிக்கப்பட்டு சதுக்கத்தின் தரையில் பதிக்கப்படும். குழந்தைகளின் பெயரில் வாங்கினார்கள், இறந்துபோன பெற்றோர் பெயரில் வாங்கினார்கள், வேடிக்கைக்காகக் கதாபாத்திரங்களின் பெயரிலும் வாங்கினார்கள். 50,000-க்கும் மேற்பட்ட செங்கற்கள் விற்றன. கிடைத்த பணம் பெரிதுதான். அதைவிடப் பெரிது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் கட்டப்படாத ஒரு சதுக்கத்துக்குப் பங்குதாரர் ஆனது. அதன் பிறகு "வேண்டாம்" என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்குத் துணிவு வரும்?

1984 ஏப்ரல் 6 அன்று சதுக்கம் திறக்கப்பட்டது. ஹோட்டலின் பழைய இரும்பு வாயிலும் அங்கே நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே நடந்த மேயர் தேர்தலில் ஐவன்சி, பட் கிளார்க் என்ற மதுக்கடை உரிமையாளரிடம் தோற்றுப்போனார். சதுக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஊரின் மனநிலை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. வடிவமைத்த மார்ட்டினுக்குத்தான் அதை நீண்ட நாள் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1985-இல் விமான விபத்தில் இறந்தார்.

1986-இல் நகர ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளங்கள் சதுக்கத்தின் இரு பக்கமும் சென்றன. காருக்காக இடிக்கப்பட்ட மனைக்கு மக்கள் காரில்லாமலே வந்து இறங்கினார்கள்! டிசம்பர் விழாக் காலத்துக்காக நிறுத்தப்படும் பெரிய கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றும் நாளில் நிற்க இடமிருக்காது. இசைக் கச்சேரி, மலர்க் கண்காட்சி, திரைப்படம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கும். 1988-இல் வைக்கப்பட்ட "வானிலை எந்திரம்" ஒரு சுவாரசியமான விஷயம். உயரமான தூணின் உச்சியில் இருக்கும் இது நண்பகலில் எக்காளம் முழக்கி மறுநாள் வானிலையைச் சொல்லும். வெயில் என்றால் சூரியன், தூறல் என்றால் நீல நாரை, புயல் என்றால் டிராகன்!

விழாவுக்குக் கூடிய அதே தரையில்தான் கோபத்துக்கும் கூடினார்கள். 2011-இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு இயக்கத்தின் ஊர்வலம் இங்கே வந்தது. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் இங்கே திரண்டார்கள். கூரையும் கட்டணமும் இருந்திருந்தால் இவை எதுவும் இங்கே நடந்திருக்காது. அதற்காக வியாபாரிகளின் அன்றைய கவலை மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. யார் எவ்வளவு நேரம் உட்காரலாம், எந்த நிறுவனத்துக்கு விளம்பர நிகழ்ச்சி நடத்த இடம் தரலாம் என்ற வாக்குவாதம் இம்மாதிரி இடங்களில் தீர்ந்துபோவதே இல்லை.

சதுக்கத்தின் கீழே அறைகள் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது. அந்த அறைகளுக்குச் செங்கல் தரைதான் கூரை. முப்பது வருட மழையில் அந்தக் கூரை ஒழுக ஆரம்பித்தது. 2014-இல் பூங்காக்களுக்கான கடன்பத்திரத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இதைப் பழுதுபார்க்கும் செலவும் அதில் சேர்ந்திருந்தது. மக்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். 2016-இல் தரையைப் பெயர்த்து, நீர் கசியாத புதிய அடுக்கு போட்டு, மறுபடியும் செங்கல் பாவினார்கள்.