கடைசற்காரரின் கை எங்கே போயிற்று?

மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு, உளி கொடுத்து வடிவம் எடுப்பதைத் தமிழில் 'கடைசல்' என்கிறோம். லேத் பட்டறை என்று பெயர் மாறிய பின்னும் வேலை அதுவே. எவ்வளவு சீவ வேண்டும் என்பது கைப்பிடியைத் திருப்பும் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தடத்தில் இன்று அந்த அறிவு எண்களாக இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ - நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் எழுந்தன. இத்தகைய ஆலைகளுக்கு வேண்டிய பாகங்களைக் கடைபவை 'சி.என்.சி.' எனப்படும் கணினிவழி இயந்திரங்கள். 'ஜி01' என்ற கட்டளையும் சில எண்களும் போதும். உளி நேர்கோட்டில், குறித்த வேகத்தில் நகரும். பிழைக்கு இடம் சில மைக்ரான்களே. தலைமுடியின் பருமனில் சிறு பகுதி.

விரலின் அறிவு எண்ணாக மாறியது தானாக நிகழ்ந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, 1946-47-இல் ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கியது: தேர்ந்த தொழிலாளி முதல் பாகத்தைக் கையால் செய்வார், அவர் அசைவுகளை நாடா பதிவு செய்துகொள்ளும், பிறகு இயந்திரம் அவற்றைத் திரும்பச் செய்யும். மற்றொன்று, ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்த ஜான் பார்சன்ஸின் எண்ணத்தில் பிறந்து, விமானப்படையின் பணத்தில் வளர்ந்து, 1952-இல் எம்.ஐ.டி.யில் காட்டப்பட்டது. அதில் வரைபடம் கணக்காகி, கணக்கு காகித நாடாவில் துளைகளாகி, நேரே இயந்திரத்துக்குப் போயிற்று. இடையில் தொழிலாளியின் கை இல்லை.

இரண்டாவதே வென்றது. சிக்கலான விமான பாகங்களுக்குக் கணக்கே ஏற்றது என்பது ஒரு காரணம். பட்டறைத் தளத்தின் கட்டுப்பாடு தொழிலாளியிடமிருந்து நிர்வாகத்திடம் போக வேண்டும் என்ற விருப்பமும் காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வாதிட்டார். நுண்செயலிகள் வந்தபின் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது. நம்மூருக்கு வந்து சேர்ந்தது இவ்வாறு முடிவாகிவிட்ட இயந்திரமே.

எனினும் கை முற்றிலும் விலகிவிடவில்லை. உளி தேயத் தேய அளவு பிசகும். பாகத்தை அளந்து, தேய்மானத்துக்கு ஈடான 'ஆஃப்செட்' எண்ணைத் திருத்துபவர் பலவிடங்களில் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞரே. வெட்டும் ஓசை மாறினால், உளி மழுங்கியதைத் தேர்ந்த காது முதலில் அறியும்.

இத்தடத்தின் வரலாற்றை நாம் முதலீட்டுக் கோடிகளாலும் வாகன எண்ணிக்கையாலும் எழுதிவருகிறோம். தொழிலாளியின் அசைவைப் பதிவு செய்யும் வழியை இயந்திர உலகம் ஒருமுறை கைவிட்டது. அவருடைய கையும் காதும் அறிந்தவற்றை நம் எழுத்தாவது பதிவு செய்ய வேண்டாமா?