எரியாத வீட்டில் பிடுங்கியது

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த வீடுகள் நெருக்கியடித்து நின்ற காலத்தில், ஊரைக் காப்பாற்றியது எரியாத வீட்டில் பிடுங்கியதுதான். பற்றிய குடிசை போகட்டும் என்று விட்டுவிட்டு, காற்று வீசும் திசையில் இருக்கிற அடுத்த வீட்டின் கூரையைப் பிரித்துப் போடுவார்கள். நல்ல கூரையைக் கலைக்கச் சொல்ல ஒரு குரல் வேண்டும். ஊர்ப் பெரியவர் யாராவது சொல்வார்; மறுநாள் ஏச்சு வாங்குவதும் அவரேதான்.

அந்தக் குரலுக்குச் சட்டத்தின் பலம் தந்தது 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். தீயணைக்க வந்த அலுவலர் பூட்டை உடைக்கலாம், சுவரை இடிக்கலாம், தெருவை அடைக்கலாம், கூட்டத்தை விலக்கலாம். வண்டியோடு வருபவர் நிலைய அலுவலர். அவர் இல்லாவிட்டால் முன்னணி தீயணைப்போர். மாவட்ட அலுவலர் வந்து சேரும்வரை பொறுப்பு அவர் தலையில்.

மாவட்டமோ இங்கே ஆடிக்கொண்டே இருந்தது. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் மீண்டும் தனியானது.

கூரைகளும் மாறின, அரைகுறையாக. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் மாடிக் கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். காய்ந்த கீற்று, வண்டி வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. அதன் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்று இறங்கியது.

காரைக் கட்டடம் வேறு விதமாக ஏமாற்றும். 2012 பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கத்தில், 18ஆம் நூற்றாண்டின் கலச மகால் எரிந்தது. உள்ளே அணைத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் கூரை இறங்கியது. தீயணைப்பு வீரர் அன்பழகன் உயிரிழந்தார். நாட்டின் முதல் பெண் தீயணைப்பு அதிகாரிகளில் ஒருவரான ப்ரியா ரவிச்சந்திரன் தீக்காயம்பட்டார். கட்டளையிடுபவர் எங்கே நிற்பது என்பது தீயணைப்போரிடையே தீராத வழக்கு. உள்ளே போனால் கூரை கண்ணில் படாது. வெளியே நின்றால் உள்ளே போனவர்களின் நிலை தெரியாது.

அரியலூர் மாவட்டம் விரகாலூரில் 2023 அக்டோபர் 9 அன்று நாட்டு வெடித் தயாரிப்புக்கூடம் தீப்பிடித்தபோது நிலைமை நேரெதிர். வெடிகள் தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்ததால் வீரர்களால் நெருங்க முடியவில்லை. குறைந்தது 9 பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'போ' என்பதைவிட 'நில்' என்று சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

வண்டி வந்ததும் அலுவலர் கேட்பது: உள்ளே ஆள் உண்டா, என்ன சரக்கு இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா? பத்துப் பேர் பத்து விதமாகக் கத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் வாசலில் நின்று பதில் சொல்லுங்கள்.